காப்பு கட்டியவள்

சங்கவியின் பெயருக்கு எதிரே மூன்று விநாடி என்று இருந்தது.

இயந்திரம் தவறாகக் காட்டுகிறது என்றுதான் நஸ்ரீன் முதலில் நினைத்தாள். துணைவர்கள் அழைப்புக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் சராசரி நேரத்தைக் காட்டும் பட்டியல் அது. ஒருத்தி அடுப்பருகே இருப்பாள், ஒருத்தி பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருப்பாள். நாற்பது விநாடி ஆகும். ஒன்றரை நிமிடம் ஆகும். நான்கு நிமிடம் ஆனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று விநாடியில் பதில் வர வேண்டுமென்றால் கட்டைவிரலைப் பொத்தான்மேலேயே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அவள் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் சங்கவியின் சராசரி ஐம்பத்தெட்டு விநாடி. அது மெல்ல மெல்லக் குறைந்து வந்திருக்கிறது. கடந்த பதினாறு நாளில் மட்டும் ஒன்பது அழைப்புகள். ஒன்பதும் மாலை நான்கு மணியைச் சுற்றி.

வடசென்னையில் இருந்த அந்தப் பகல் சிகிச்சை நிலையத்தில் படுக்கை கிடையாது. வலி மாத்திரைக்கு அடிமையானவர்கள் வருவார்கள், மருத்துவரைப் பார்ப்பார்கள், பேசுவார்கள், வேலைக்குப் போய்விடுவார்கள். நோயாளிகள் இருநூற்று நாற்பது பேர். ஆலோசகர் ஒருத்திதான். நஸ்ரீன் இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். மருந்து மட்டும் கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள், பேச்சு மட்டும் கொடுத்தால் உடைந்துவிடுகிறார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தால்தான் நிற்கிறார்கள் என்பது அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தவிப்பு வரும் அந்த நிமிடத்தில் பேச ஆள் எங்கே கிடைக்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அதற்கு ஒரு கம்பெனி வழி கண்டுபிடித்தது. நோயாளியின் மேல்கையில் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு விதை. மூன்று மாத மருந்து அதற்குள் இருக்கும். வியர்வையையும் நாடியையும் பார்த்துத் தவிப்புக்கு ஓர் எண் போடும். எண் எழுபதைத் தாண்டினால் வீட்டில் ஒருவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை துடிக்கும். அவர் பொத்தானை அழுத்தினால் இருவருக்கும் இடையே போன் இணைப்பு திறக்கும். மூன்று நிமிடம் பேச வேண்டும். பேசும்போது விதை கொஞ்சம் மருந்தை விடும். மருந்து பாதி, பேச்சு பாதி.

படிவத்தில் 'துணைவர்' என்றுதான் இருக்கும். சேர்க்கும் நாளில், வீட்டில் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். வரிசையில் நிற்கும் ஆண்கள் யோசிக்காமல் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே மனைவியோ அம்மாவோ அக்காவோ நிற்பாள். பெண்கள் அந்தப் பட்டைக்குக் காப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மன் கோவிலில் காப்பு கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இவர்களும் தாண்டவில்லை. போன் சமிக்ஞை கிடைக்காத ஊர்க் கல்யாணங்களுக்குக்கூடப் போவதில்லை.

சங்கவியின் கணவன் லோகநாதனுக்கு இது மூன்றாவது முயற்சி. விதிப்படி அறுபது நாள் நிற்க வேண்டும். அந்த அறுபது நாளில் பத்தாவது முறை எழுபதைத் தாண்டினால் கணக்கு ரத்தாகும். மூன்று கணக்கு ரத்தானவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு உள்நோயாளி மையத்துக்கு எழுதிவிடுவார்கள். அங்கே நான்கு மாதம் இருக்க வேண்டும். நான்கு மாதம் வராதவனுக்காக எந்தக் கன்டெய்னர் யார்டும் டிரெய்லர் ஓட்டும் வேலையை வைத்திருக்காது. லோகநாதனுக்கு இன்று ஐம்பத்தோராவது நாள். ஒன்பது முறை தாண்டியாயிற்று.

அறுபதைத் தொட்டுவிட்டால் மாதத்துக்கு ஓர் ஊசி. காப்பும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்.

அவனை அன்று காலை ஷிப்ட்டுக்கு முன் வரச் சொல்லியிருந்தாள். ஏழரைக்கு வந்தான். ஒல்லியான, முகம் தெளிந்த ஆள். முதுகுத் தண்டில் அடிபட்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கியவன், வலி போன பிறகும் ஐந்து வருடம் சாப்பிட்டிருக்கிறான்.

"நாலு மணிக்கு என்ன நடக்குது லோகு?"

"எந்த நாலு மணி மேடம்?"

"தினமும் வர்ற நாலு மணிதான்."

சிரித்தான். "டீ குடிப்பேன். யார்டு கேட்டாண்ட ஒரு கடை. ஒரு டீ, ஒரு பஜ்ஜி. பஜ்ஜிக்கு நம்பர் ஏறுமா மேடம்?"

"அதுக்கு எழுபது ஏறாது. கடையில யார் இருப்பாங்க?"

"பழைய பசங்க யாரும் இல்ல. நீங்க அதத்தான் கேக்க வர்றீங்க, தெரியுது. நல்லாத்தான் மேடம் இருப்பேன். சங்கவி போன் பண்ணுவா, பேசுவேன், வச்சிருவேன். அப்புறம் பார்த்தா உள்ளங்கை வேர்த்திரும். காப்பு அடிச்சதும் அவளே மறுபடியும் லைன்ல வருவா."

"முதல் போன்ல என்ன பேசுவா?"

"பொண்டாட்டி என்ன பேசுவா. சாப்டியா, எப்ப வருவ. அவளுக்கு இப்பல்லாம் தலைவலி மேடம். நாலு மணிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கறா. பேசிக்கிட்டே அட்டைய உடைப்பா, அந்தச் சத்தம் கேக்கும். அவ்ளோதான்."

சொல்லும்போது தொடைமேல் இருந்த அவன் வலது கை மெல்ல மூடிக்கொண்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நஸ்ரீன் கவனித்தாள். அட்டையிலிருந்து மாத்திரை வெளியே வரும்போது அலுமினியத் தாள் கிழியும் சத்தம் ஒன்றும் பெரிதல்ல. ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை அதைக் கேட்டு வாழ்ந்தவனுக்கு அது ஒரு சத்தம் மட்டுமல்ல.

"அந்தச் சத்தத்தைப் பத்தி நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

லோகநாதன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "ஷிப்ட்டுக்கு டைம் ஆயிடுச்சு மேடம்" என்றான்.

டாக்டர் எழில்வேந்தன் பத்து மணிக்கு வந்தார். நஸ்ரீனைவிடப் பத்து வயது இளையவர். அவள் கேள்வியை முன்னுரை இல்லாமல் வைத்தாள்.

"காப்பை அழுத்தினா, அழுத்தறவங்களுக்கு என்ன ஆகும் டாக்டர்?"

"ஒண்ணும் ஆகாது. லேசா ஒரு சூடு தெரியும்."

"எதுக்கு சூடு?"

அவர் பையை மேசையில் வைத்தார். "முதல் மாடல்ல அது இல்ல. சோதனையில பாதிப் பேருக்கு மேல மூணு மாசத்துல காப்பைக் கழட்டிப் போட்டுட்டாங்க. நேரங்காலம் இல்லாம அடிச்சா யாருக்குப் பொறுமை இருக்கும்? அதனால இந்த மாடல்ல, அழுத்தினதும் மணிக்கட்டு நரம்புக்கு ஒரு சின்ன மின்துடிப்பு. ஒரு நிமிஷம் மனசு லேசாகும். வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் யாருமே கழட்டல. இந்த மாடல் ஜெயிச்சதே அதனாலதான்."

"அந்தப் பொம்பளைங்ககிட்ட சொன்னோமா?"

"படிவத்துல இருக்கு. பன்னிரண்டாம் பக்கம். அணிபவருக்கு இதமான உணர்வு ஏற்படலாம்னு."

"நான் படிச்சிருக்கேன். கையில் மாட்டினா உறுத்தாதுன்னு சொல்ல வர்றாங்கன்னு நினைச்சுட்டேன்."

நஸ்ரீன் லோகநாதனின் கோப்பைத் திறந்தாள்.

"லோகுவுக்கு மருந்தைக் குறைக்க நம்மகிட்ட அட்டவணை இருக்கு. பதினாலு வாரம், படிப்படியா. ஒரே நாள்ல நிறுத்தினா உடம்பு தாங்காதுன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றோம். அவர் குணமானதும் அவர் சம்சாரம் கையில இருக்கற காப்பை என்ன பண்றோம்?"

"வாங்கி வச்சுக்கறோம்."

"எப்போ?"

"அதே நாள்ல" என்றவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை பேர் நஸ்ரீன் மேடம்?"

"அஞ்சு விநாடிக்குள்ள அழுத்தறவங்க நாற்பத்தோரு பேர்."

வெளியே கூடத்தில் டோக்கன் எண் கூப்பிட்டார்கள். எண்பத்தாறு. யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

"இதை இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதீங்க" என்றார் டாக்டர். "மூடி மறைக்கச் சொல்லல. அனுப்பினா மேலே இருக்கறவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். இருநூத்தி நாப்பது காப்பையும் ஒரே நாள்ல வாங்கச் சொல்லுவாங்க. துணைவர் இல்லாம யாரும் இந்தப் பட்டியல்ல இருக்க முடியாது. எல்லாரையும் உள்ளே அனுப்ப இடமில்ல. தெருவுலதான் விடுவாங்க."

"லோகு விஷயத்துல என்ன செய்யறது? சம்சாரம்தான் காரணம்னு எழுதினா?"

"காப்பை எடுத்துடுவாங்க. துணைவர் இல்ல. பட்டியல்ல இருந்து பேர் போயிடும். எழுதலேன்னா பத்தாவது தடவை தாண்டி அதே இடத்துக்குப் போவாரு."

"அந்தத் துடிப்பை மட்டும் குறைக்க முடியாதா?"

"முடியும். அமைப்பை மாத்தினா புதுக் கருவின்னு கணக்கு. அறுபது நாளும் முதல்லேருந்து ஆரம்பிக்கும், அவருக்கு நாலாவது தடவை கிடையாது." அவர் காலண்டரைப் பார்த்தார். "ஒன்பது நாள்தானே. ஒன்பது நாள் அந்தப் பொண்ணால சும்மா இருக்க முடியுமான்னு கேளுங்க. ஊசிக்கு வந்துட்டார்னா அப்புறம் அவளுக்கு நிதானமா ஏதாவது செய்யலாம்."

அடுத்த நாள் மூன்றரை மணிக்கு நஸ்ரீன் சங்கவியின் வீட்டுக்குப் போனாள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. சங்கவி ஒரு நர்சரிப் பள்ளியில் உதவியாளர், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். வீடு தேவைக்கு மேல் சுத்தமாக இருந்தது. கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. என்ன திடீர்னு? அவரு ஏதாவது...?"

"ஒண்ணுமில்ல, வேலைக்குத்தான் போயிருக்கார். உனக்குத் தலைவலி எப்படி இருக்கு?"

"எந்தத் தலைவலிக்கா?" என்றாள் சங்கவி.

பிறகு குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள். காப்பின் மேலே அவள் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. நஸ்ரீன் அதைப் பார்ப்பதைப் பார்த்துக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"அவரைக் கெடுக்கணும்னு செய்யலக்கா."

"தெரியும். உட்காரு."

"உட்கார முடியல. ரெண்டு வாரமா உட்கார முடியல." ஜன்னல்வரை நடந்து திரும்பி வந்தாள். "முதல்ல நானா ஒண்ணும் செய்யல. ஒரு மாசத்துக்கு மேல காப்பு அடிக்கவே இல்ல. நல்ல விஷயம்தானே? பக்கத்து வீட்ல எல்லாம் சொன்னேன். ஆனா எனக்கு என்னவோ பண்ணுச்சு. கையும் காலும் குடையுது. ஸ்கூல்ல ஒரு குழந்தைய அதட்டிட்டேன், அது டிராயர்லயே போயிடுச்சு. காப்பு கெட்டுப்போச்சோன்னு சும்மா சும்மா அழுத்திப் பார்ப்பேன், ஒண்ணும் வராது. அப்புறம் ஒருநாள் நெஜமாவே தலைவலி. போன்ல இருக்கும்போது மாத்திரைய உடைச்சேன். அஞ்சு நிமிஷத்துல காப்பு அடிச்சுது."

"அன்னிக்குத் தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேன்க்கா" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.

காப்பு என்ன செய்கிறது என்று நஸ்ரீன் விளக்கினாள். மின்துடிப்பு, நரம்பு, பன்னிரண்டாம் பக்கம். சங்கவி முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அது மட்டும் இல்லக்கா" என்றாள்.

"வேற என்ன?"

"கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆளு எங்கிட்ட வாயத் தொறந்து பேசினதே இது கட்டினதுக்கு அப்புறம்தான். பயமா இருக்கு சங்கவின்னுவாரு. கை நடுங்குது, ஏதாவது பேசுன்னுவாரு. மூணு நிமிஷம் என் குரலத் தவிர அவருக்கு வேற எதுவும் இருக்காது. இப்ப நல்லாயிட்டாரு. வர்றாரு, சாப்பிடறாரு, போனப் பார்க்கறாரு, படுத்துடறாரு. குழம்பு நல்லாருக்கான்னு கேட்டா ம்னு சொல்றாரு. அந்த ம்முக்காகவா நான் பதினாலு மாசம் இதைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்?"

நஸ்ரீன் கணக்கைச் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தடவை தாண்டினா அவர் பேரை எடுத்துடுவாங்க சங்கவி. வேலை போயிடும். நாலு மாசம் உள்ளே இருக்கணும்."

"ஒரு தடவையா? ஒன்பது ஆயிடுச்சா?"

"எண்ணலையா நீ?"

"இல்லக்கா. நாலு மணி எப்ப வரும்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

தினமும் மூன்றரைக்கு அவள் நிலையத்துக்கு வருவது என்று முடிவாயிற்று. போன் நஸ்ரீனின் மேசையில் இருக்கும். ஐந்து மணிவரை அவள் அந்த அறையில் இருப்பாள். லோகநாதனுக்கு அன்றே நஸ்ரீன் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"அவகிட்ட கோபப்படாதீங்க லோகு."

"கோபமா? எதுக்கு மேடம்?" என்றான்.

ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு. சங்கவி சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்து கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மேசை ஓரத்து ரெக்ஸின் உரிந்த இடத்தை மேலும் உரித்தாள். நஸ்ரீன் பேச்சுக் கொடுத்தால் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். ஐம்பத்தைந்தாம் நாள் சண்டை போட்டாள். "கட்டும்போது மூணு பேர் நின்னு மஞ்சக்கயிறு மாதிரி கட்டினீங்க. போட்டோ எடுத்தீங்க. எப்படி அவுக்கறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதாக்கா?" என்று கேட்டாள். ஐம்பத்தாறாம் நாள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மறுநாள் நகத்தைக் கடித்து ரத்தம் வந்தது.

"அவருக்கு இருக்கற மாதிரி எனக்கும் ஊசி, மாத்திரை ஏதாவது..."

"இல்ல சங்கவி. உனக்குப் பேச்சு மட்டும்தான் இருக்கு."

"பாதி வைத்தியம்."

"ஆமா, பாதிதான்."

அந்த ஐந்து நாளும் லோகநாதனின் கோடு தரையோடு தரையாகப் போயிற்று. பதினெட்டு, இருபத்திரண்டு, பதினைந்து. திரையில் அதைப் பார்க்க நஸ்ரீனுக்கு ஆறுதலாகவும் இருந்தது, எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குத் துரோகம் செய்வதுபோலவும் இருந்தது.

ஐம்பத்தெட்டாம் நாள் வியாழக்கிழமை. நான்கு மணிக்குக் கோடு இருபதில் இருந்தது. நான்கு ஏழுக்கு முப்பத்தாறு. நஸ்ரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஐம்பது. ஐம்பத்தொன்பது. சங்கவி ஸ்டூலில்தான் இருந்தாள். போன் மேசையில் குப்புறக் கிடந்தது. அவள் யாருக்கும் போன் செய்யவில்லை, எதையும் உடைக்கவில்லை.

எழுபத்துமூன்று.

காப்பு துடித்தது. சங்கவியின் கட்டைவிரல் இறங்கியதை நஸ்ரீனால் பார்க்கக்கூட முடியவில்லை, அவ்வளவு வேகம். அழுத்தியதும் அவள் தோள்கள் தளர்ந்தன. வாய் லேசாகத் திறந்தது. ஏழு நாளில் முதல்முறையாக அவள் முகம் அவள் வயதுக்குத் திரும்பியது. அடுத்த கணமே என்ன நடந்தது என்பது அவளுக்கு உறைத்தது. "நான் இல்லக்கா" என்றாள். "நான் ஒண்ணும் பண்ணல."

போன் தானாக இணைந்தது. நஸ்ரீன் அதைத் திருப்பி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் லாரிகளின் இரைச்சல். அதற்கு மேலே லோகநாதனின் குரல்.

"சங்கவி. இப்ப எப்படி இருக்கு? சரியாயிடுச்சா?"

இருவரும் போனையே பார்த்தார்கள்.

"லோகு, நஸ்ரீன் பேசறேன். என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். பாக்கெட்ல ஒரு அட்டை வச்சிருந்தேன்."

"மாத்திரையா?"

"காலி அட்டை மேடம். சத்தியமா. காலி அட்டைதான். காதுகிட்ட வச்சு நசுக்கினேன். கண்ணை மூடிட்டுப் பழசெல்லாம் நினைச்சுக்கிட்டேன். ஏறுதான்னு பார்த்தேன், ஏறிடுச்சு."

"உங்களுக்குத் தெரியுமா, இது பத்தாவது..."

"தெரியும். எண்ணிட்டுதான் மேடம் இருக்கேன்." மூச்சு வாங்கினான். "அவ பண்றதும் எனக்கு முதல்லேருந்தே தெரியும். ரெண்டு வாரமா தலைவலின்னு சொல்றவ ஒருநாள்கூடத் தைலம் தடவல. சரி, போகட்டும்னு விட்டேன். அவ எனக்காக எவ்ளோ பார்த்திருக்கா. ஆனா இந்த அஞ்சாறு நாளு பார்க்க முடியல மேடம். சுவத்தப் பார்த்து உட்கார்ந்திருக்கா. கூப்பிட்டா திரும்பல. அப்படி உட்கார்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் அந்த மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

சங்கவி எழுந்து போனருகே வந்தாள்.

"லூசாய்யா நீ?" என்றாள். "ரெண்டு நாள்யா. ரெண்டே நாள். நான் நகத்தையெல்லாம் தின்னுட்டு உட்கார்ந்திருக்கேன் இங்க, நீ அட்டைய நசுக்கறியா அங்க?"

"ஆமா."

"என்ன ஆமா? வண்டி போயிடும்யா. உள்ள போட்டுருவாங்க."

"சரி, திட்டு."

அவள் திட்டினாள். கல்யாணத்தன்று நடந்ததிலிருந்து தொடங்கி முந்தாநாள் தட்டைக் கழுவாமல் வைத்ததுவரை வந்தாள். அவன் நடுவில் ஏதோ சொன்னான், அவள் சிரித்துவிட்டு மறுபடி திட்டினாள். திரையில் எண் எழுபத்தொன்று, அறுபத்துநான்கு, ஐம்பது என்று இறங்கியது. மூன்று நிமிடத்தில் இணைப்பு விதிப்படி துண்டித்துக்கொண்டது. சங்கவி போனை வெறித்துப் பார்த்தாள். உடனே அது மறுபடி அடித்தது. இந்த முறை சாதாரண அழைப்பு. அவள் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

டாக்டர் எழில்வேந்தன் கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"அஞ்சு மணிக்குப் பட்டியல் தானா புதுப்பிக்கும்" என்றார். "பேர் போயிடும். என்னால நிறுத்த முடியாது."

"விதைய எப்போ எடுப்பாங்க?"

"அதுக்குத் தனிக் கடிதம் வரணும். ஒரு மாசம் ஆகும். உள்ளே இன்னும் முப்பத்தெட்டு நாளுக்கு மருந்து இருக்கு. பட்டியல்ல பேர் இல்லேன்னா அது யாரையும் கேட்காம, தானாவே தினம் கொஞ்சம் விட்டுக்கிட்டிருக்கும். மருந்துக்குக் குறை இருக்காது. பேச்சுக்குத்தான் ஆள் இருக்காது. உள்நோயாளி மையத்துல இடம் காலியாகவும் ஒண்ணரை மாசம் ஆகும்."

நஸ்ரீன் புது நோயாளிக்கான படிவத்தைத் திறந்தாள். பெயர், சங்கவி. வயது, இருபத்தெட்டு. எவ்வளவு காலமாக என்ற இடத்தில் பதினான்கு மாதம். சிகிச்சை முறை: ஆலோசனை மட்டும், தினமும் மாலை.

"போதைப்பொருள்னு என்ன போட்டீங்க?" என்று டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அதை மட்டும் காலியா விட்டிருக்கேன். காப்போட துடிப்பை வாராவாரம் குறைக்க நீங்க ஒரு அட்டவணை போடுங்க. அவரோட கணக்கு போயாச்சு, இனிமே கருவிய மாத்தலாம் இல்ல?"

டாக்டர் யோசித்தார். "மாத்தலாம். பதினாலு வாரமா?"

"பதினாலு வாரம். அப்புறம் மீதி நாற்பது பேருக்கும் இதே அட்டவணையோட சேர்த்து மேலே எழுதுவோம். பறிக்கச் சொல்லி எழுத வேண்டாம். குறைக்கறதுக்கு வழி எழுதி அனுப்புவோம்."

கடைசிக் கட்டம் துணைவர். அவள் லோகநாதன், கணவர் என்று அடித்தாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தப் பெயர் நோயாளிகள் பட்டியலில் உள்ளது, துணைவராகச் சேர்க்க இயலாது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். நஸ்ரீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நாற்பத்தேழு. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்ன மேடம்?"

"அஞ்சு மணி ஆகட்டும் டாக்டர்" என்றாள்.

அவர் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு அவரும் உட்கார்ந்தார். பதின்மூன்று நிமிடம் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் சங்கவி போனில் நடந்துகொண்டே பேசுவது கேட்டது. ஐந்து மணி அடித்ததும் பட்டியலில் லோகநாதன் என்ற பெயர் சாம்பல் நிறமாகி மறைந்தது. அதன் கீழிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஐந்து ஒன்றுக்கு நஸ்ரீன் மறுபடி பொத்தானை அழுத்தினாள். படிவம் ஏற்றுக்கொண்டது.

ஆறு மணிக்கு அவன் யார்டின் ஆரஞ்சுச் சட்டையோடு வந்தான். மேலெல்லாம் தூசி. பழக்கதோஷத்தில் நேராக வந்து மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னால் வந்த சங்கவி சுவரோர ஸ்டூலை நோக்கிப் போனாள்.

"எழுந்திரிங்க லோகு" என்றாள் நஸ்ரீன். "அது சங்கவி உட்கார்ற இடம்."

அவன் எழுந்தான். சங்கவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அறையின் நடுவே நின்ற லோகநாதன், துணைக்கு வந்தவன் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியாமல் நஸ்ரீனைப் பார்த்தான்.